தை மாதக் குளிரில் ஹோட்டன் சமவெளிப் பங்களா: திருகோணமலைக்காரருக்கு ஒரு வழிகாட்டல்

திருகோணமலையில் நாங்கள் குளிர் என்று சொல்வது, மார்கழி மழையில் நனைந்துவிட்டுக் கடற்காற்றில் நிற்பதைத்தான். இரவில்கூட 23, 24 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அதே நாட்களில், நுவரெலியாவுக்கு அப்பால் மலைமேல் இருக்கிற ஹோட்டன் சமவெளியில் இரவு 5 பாகை என்பது சாதாரணம். வானம் தெளிந்த இரவென்றால் புல்லில் உறைபனியே படிந்துவிடும். காலையில் வான் வண்டியில் ஏறினால் மாலைக்குள் போய்விடக்கூடிய தூரம்தானே என்று, ஆளுக்கு ஒரு சுவெட்டரோடு கிளம்புகிறவர்களைப் பார்க்கிறேன். நுவரெலியா ஹோட்டல் அறைக்கு அது போதும். பூங்காவுக்குள் இருக்கிற பங்களாவுக்குப் போதாது.

எனக்குத் தொழில் தையல். அன்புவழிபுரத்தில் வீட்டோடு சேர்ந்த கடை. மச்சாள் குடும்பம், பெறாமக்கள் எல்லாரும் சேர்ந்து மலைக்குப் போவதென்றால் மூட்டை கட்டுகிற வேலை என் தலையில்தான் விழும். நான் போடுகிற கணக்கு ஒன்றுதான்: இரவு 2 மணியிலிருந்து விடியற்காலை 6 மணி வரைக்கும் தேவையானதைக் கட்டு. அந்த நான்கு மணித்தியாலத்துக்கு ஆயத்தமாகிவிட்டால் பகலுக்கென்று தனியாக எதையும் யோசிக்கத் தேவையில்லை.

எந்த மாதம், எந்த நாள்

டிசம்பர் பாடசாலை விடுமுறைதான் எல்லாருக்கும் வசதி. ஆனால் அப்போது வடகீழ்ப் பருவமழை மலையிலும் பெய்கிறது. மூன்று நாள் தங்கி, மூன்று நாளும் வெள்ளை மூட்டத்தைப் பார்த்துவிட்டு வரலாம். மண்சரிவுப் பயம் வேறு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டுக்குச் செய்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆகவே டிசம்பரில் போகிறவர்கள் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடுகிற மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு, பாதையும் ரயிலும் திறந்திருக்கின்றனவா என்று விசாரித்துவிட்டே கிளம்ப வேண்டும்.

என்னைக் கேட்டால் தைப்பொங்கல் முடிந்த கையோடு போவதுதான் சரி. தை நடுவிலிருந்து மாசி வரை மலையில் வானம் தெளிகிறது. தெளிந்த வானம் என்றால் கூடுதல் குளிர் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். முகில் இல்லாத இரவில் நிலத்துச் சூடு தடையில்லாமல் மேலே போய்விடும். குளிர்ந்த காற்று பாரமானது, பள்ளத்தைத் தேடி இறங்கிப் படுத்துக்கொள்ளும். அதனால்தான் சமவெளியின் புல் நிறைந்த பள்ளங்களில் முதலில் உறைபனி விழுகிறது, மேட்டில் இருக்கிற காட்டோரத்தில் விழுவதில்லை. நுவரெலியாப் பக்கம் தேயிலைக் கொழுந்து கருகிவிட்டது என்று செய்தி வருவதும் இந்த மாதங்களில்தான்.

போயா சேர்ந்த நீண்ட வார இறுதிகளைத் தவிருங்கள். பெப்ரவரி 4ஐயும் தவிருங்கள். கிழமை நாட்களில் போனால் பாதையிலும் அமைதி, பங்களாவும் கிடைக்கும்.

பங்களாவைப் பதிவு செய்தல்

ஹோட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாட்டின் மற்றக் காடுகளோடு சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. உள்ளே தங்குவதற்கு மகாஎலிய, கினிஹிரிய என்ற பங்களாக்கள் இருக்கின்றன. இரண்டும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்குச் சொந்தம். எங்கள் புறாமலைத் தீவும் 2003இலிருந்து தேசிய பூங்காதான், அதற்கு நாங்கள் டிக்கெட் எடுப்பதும் இதே திணைக்களத்திடம்தான். அங்கே பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம், இங்கே தங்கலாம். வித்தியாசம் அவ்வளவுதான்.

பதிவைத் திணைக்களத்தின் இணையத்தளத்திலோ பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்திலோ செய்யலாம். பதிவு திறந்தவுடனே நல்ல திகதிகள் போய்விடும். எனவே ஒரு திகதியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு இருக்காமல் இரண்டு மூன்று மாற்றுத் திகதிகளோடு உட்காருங்கள். வருகிற எல்லாரின் அடையாள அட்டை இலக்கங்களும் கையில் இருக்கட்டும். பங்களாவுக்கு எத்தனை பேர் என்ற வரையறை உண்டு. "சின்னப் பிள்ளைதானே" என்று கணக்கில் விட்டுவிட்டால் வாசலில் வாக்குவாதம்தான் மிஞ்சும். பங்களாக் கட்டணம் வேறு, பூங்கா நுழைவுக் கட்டணம் வேறு, வாகனத்துக்கு வேறு. பற்றுச்சீட்டைத் தாளில் அச்சடித்துக் கொண்டுபோங்கள். பூங்காவுக்கு முன் வருகிற பட்டிப்பொல தாண்டினால் தொலைபேசியில் சிக்னலை நம்பக்கூடாது.

பங்களா என்றதும் ஹோட்டல் மாதிரி எண்ண வேண்டாம். சமையலுக்கு உதவ ஒரு பொறுப்பாளர் இருப்பார். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் நீங்கள் கொண்டுபோக வேண்டும். படுக்கை விரிப்பு, துவாய், சவர்க்காரம், நெருப்புப்பெட்டி, மெழுகுதிரி, டோர்ச் இவையும் உங்களுடையவை. மின்சாரம் இருக்கும் என்று நினைத்துத் திட்டம் போடாதீர்கள்.

படுக்கை

இந்தப் பகுதிதான் இந்த வழிகாட்டலின் உயிர், ஆகவே கொஞ்சம் நீட்டுகிறேன்.

எங்கள் ஆட்கள் குளிர் என்றால் மேலே போர்த்துவதைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். மேலே மூன்று கம்பளி, கீழே ஒரு மெல்லிய விரிப்பு. நடுச்சாமத்தில் முதுகு சில்லிட்டு எழும்பி உட்கார்ந்துவிடுவார்கள். ஈரம் ஊறிய மெத்தை உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கையில் இருக்கிற கம்பளி இரண்டென்றால் ஒன்றை மடித்துக் கீழே போடுங்கள். அதற்கும் கீழே மெத்தைமேல் ஒரு பாய். வீட்டில் சுருட்டி வைத்திருக்கிற பன்பாய் போதும், புதிதாக வாங்க வேண்டாம்.

அடுத்தது போர்வைப் பை. கடையில் விற்கிற படுக்கைப் பைக்கு நல்ல விலை. வருடத்துக்கு ஒரு தடவை போவதற்கு அது வீண். இரண்டு தனிக் கம்பளிகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக விரியுங்கள். கால்மாட்டு ஓரத்தை முழுவதும் தையுங்கள். வலது பக்கத்தையும் மேலிருந்து கீழ்வரை தையுங்கள். இடது பக்கத்தை மட்டும் கால்மாட்டிலிருந்து முழங்காலுக்குச் சற்று மேல்வரை தைத்துவிட்டு நிறுத்துங்கள். அந்தத் திறப்பு இல்லாவிட்டால் இரவில் ஒருமுறை எழும்பிப் போய்வருவதே பெரிய பாடாகிவிடும், அதுவும் வயதானவர்களுக்கு. இயந்திரத்தில் தைப்பதென்றால் 16ஆம் இலக்க ஊசி, தையல் நீளம் 4 மில்லிமீட்டர். சின்னத் தையல் போட்டால் கம்பளி சுருக்கு விழுந்து கிழியும், பிறகு பிரிக்கவும் முடியாது. ஓரம் மடிக்கத் தேவையில்லை. இயந்திரம் இல்லாதவர்கள் கைநூலோட்டம் போட்டாலும் தாங்கும். ஊருக்கு வந்ததும் நூலை இழுத்துப் பிரித்தால் பழையபடி இரண்டு கம்பளி.

பைக்கு உள்ளே பழைய பருத்திச் சேலையை இரட்டையாக மடித்து உறை மாதிரி விட்டால் கம்பளி தோலில் கடிக்காது, கழுவுவதும் சேலையை மட்டும்தான். பிளனல் துணி கிடைத்தால் இன்னும் நல்லது. பிளனலின் பஞ்சு எழும்பிய பக்கம் உடம்போடு இருக்க வேண்டும். அந்தப் பஞ்சுக்கிடையில் அடைபடுகிற காற்றுதான் சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. வழுவழுப்பான பக்கத்தை உள்ளே வைத்துத் தைத்துத் தருகிறவர்களும் இருக்கிறார்கள், கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

முகத்தை மூடிக்கொண்டு தூங்க வேண்டாம். மூச்சில் வருகிற ஈரம் போர்வைக்குள்ளேயே தங்கி, விடியும்போது கழுத்தடி நனைந்துபோயிருக்கும். தலைக்குக் குரங்குத் தொப்பி, மூக்கு வெளியே. பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

படுக்கைக்கென்று ஒரு சோடி உடுப்பு தனியாக இருக்க வேண்டும்: மேஸ் (காலுறை), நீளக் காற்சட்டை, கைநீளச் சட்டை. அதை ஒரு துணிப்பையில் கட்டி, பகலில் யாரும் தொடாமல் வைத்திருக்க வேண்டும். எங்கள் அத்தானுக்கு இந்தச் சட்டம் பிடிப்பதே இல்லை. மாலையில் காலில் இருக்கிற மேஸே உலர்ந்துதானே இருக்கிறது என்பார். நடந்த காலின் வியர்வை கைக்குத் தெரியாது, சாமம் 3 மணிக்குக் காலுக்குத் தெரியும்.

படுக்கப்போகும் முன் உருக்குப் போத்தலில் சுடுதண்ணி நிரப்பி, மூடியை இறுக்கி, ஒரு பழைய மேசுக்குள் போட்டுக் கால்மாட்டில் விடுங்கள். கண்ணாடிப் போத்தல் வேண்டாம். மெல்லிய பிளாஸ்டிக் போத்தல் கொதிநீரில் சுருங்கிவிடும். விடிந்ததும் அதே தண்ணி வெதுவெதுப்பாகப் பல் தீட்டவும் முகம் கழுவவும் உதவும். இழுப்பு உள்ளவர்கள் இன்ஹேலரைத் தலையணைக்குக் கீழே வைத்திருங்கள். கைத்தொலைபேசியையும் போர்வைக்குள் வைத்திருந்தால் பற்றரி சீக்கிரம் இறங்காது.

உடுப்பு

ஒரு தடித்த ஜாக்கெட்டைவிட மூன்று மெல்லிய உடுப்பு மேல். உள்ளே பருத்திப் பெனியன் போடாதீர்கள். எங்கள் ஊர் வெக்கைக்குப் பருத்தியைப் போல வேறில்லை. மலையில் அதுவே எதிரி, வியர்வையைக் குடித்துவிட்டு விடவே விடாது. பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டிக்குத் தைக்கிற பொலியெஸ்டர் டீசேட் இருக்கிறதே, அதுதான் உள்ளுடுப்புக்கு ஏற்றது. அதற்கு மேல் கம்பளிச் சுவெட்டர் அல்லது ஃபிளீஸ். எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் தூறலும் புகாத மெல்லிய ஜாக்கெட். பெண்களுக்குச் சேலையோ நீளப் பாவாடையோ நடைக்குச் சரிவராது, கால்வாசி நேரத்திலேயே பனியில் கரை நனைந்துவிடும். எங்கள் மச்சாள் சல்வாருக்கு உள்ளே இறுக்கமான காற்சட்டை போட்டுக்கொண்டு ஏறுவார். அது நல்ல யோசனை.

குளிர் உடுப்பைத் திருகோணமலையில் தேடி அலைய வேண்டாம். இங்கே விலையும் கூட, தெரிவும் குறைவு. நுவரெலியா நகரில் பேல் பஜார் என்கிற சந்தையில் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய ஜாக்கெட்டுகள் மலிவாகக் கிடைக்கும். வாங்கும்போது ஜிப்பை ஏற்றி இறக்கிப் பாருங்கள், அக்குள் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தொகையோடு கழித்துவிடப்பட்டதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான் இருக்கும். அக்குள் பிரிந்ததை ஊசிநூலால் இரவிலேயே சரிசெய்துவிடலாம். ஜிப் பழுதென்றால் விட்டுவிடுங்கள்.

சப்பாத்து புதிதாக இருக்கக்கூடாது. போகிறதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே உவர்மலை ஏற்றத்தில் ஏறி இறங்கிப் பழக்கிக்கொள்ளுங்கள்.

குசினிச் சாமான்

முதலில் தேங்காயெண்ணெய். 24 பாகைக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்கும் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் ஊரில் அதைக் காண்பதில்லை. அங்கே முதல் மாலையே போத்தலுக்குள் வெள்ளை மெழுகாக இறுகிவிடும். தலைகீழாகப் பிடித்தாலும் ஒரு துளி வராது. ஆகவே கரண்டி போகிற அளவு வாய் அகன்ற ஜாடியில் கொண்டுபோங்கள். தலைக்கு வைக்கிற எண்ணெயும் அப்படித்தான். உதடு வெடிப்புக்கு அதையே விரலால் வழித்துப் பூசலாம்.

இரண்டாவது பருப்பு. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டரில் தண்ணி 93 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது, ஆனால் வேகவில்லை. கடலை, பயறு, இறைச்சி எல்லாம் சொல்லிமாளாத நேரம் எடுக்கும். பிரஷர் குக்கரைச் சுமந்துகொண்டு போவது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், பரவாயில்லை, போங்கள். மைசூர்ப் பருப்பு மட்டும் என்றால் குக்கர் இல்லாமல் சமாளிக்கலாம்.

மீன் இல்லாமல் எங்கள் ஆட்களுக்குச் சோறு இறங்காது. அதற்காக ஐஸ் பெட்டியில் பாரையும் சூரையும் கொண்டுபோக வேண்டாம். நாற்றத்துக்குக் காட்டுப்பன்றி பங்களாவைச் சுற்றும், கழிவைப் போடவும் இடமில்லை. நெத்தலிக் கருவாடு, காய்ந்த இறால், மாசி போதும். ஒடியல்மாவும் காய்ந்த இறாலும் இருந்தால் முதல் இரவு கூழ் வைத்துவிடுங்கள். காரம் சற்றுத் தூக்கலாக. பயறு, மரவள்ளி, பலாக்கொட்டை போன்றவற்றை ஊரிலேயே அவித்துக் கொண்டுபோனால் அடுப்பில் நிற்கிற நேரம் பாதியாகும். விடியப்புறத்துக்கு வறுத்த அரிசிமாவில் புட்டு, சம்பல். லீக்ஸ், கரட், கோவா எல்லாம் நுவரெலியாவில் வாங்குங்கள். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் இடித்துப் பொடியாக ஒரு டின்னில் இருக்கட்டும். தேத்தண்ணிக்குப் பனங்கட்டி.

பூங்கா வாசலில் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் உள்ளே போக விடமாட்டார்கள், தண்ணிப் போத்தலில் சுற்றியிருக்கிற மெல்லிய லேபலைக்கூட உரித்துவிடுவார்கள். வாசலில் நின்று ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்துக்கொண்டிருப்பதைவிட, வீட்டிலேயே எல்லாவற்றையும் டின்னுக்கும் துணிப்பைக்கும் மாற்றிக்கொண்டு போவது மேல். என்னிடம் வெட்டுத்துண்டுகள் மலையாகக் கிடக்கின்றன, பை தைத்துத் தள்ளிவிடுவேன். உங்களுக்குத் தெரிந்த தையற்கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

நெருப்பு

பங்களாவில் கணப்பு இருந்தால், மூட்டுவதற்கு முன் பொறுப்பாளரிடம் கேளுங்கள். புகைபோக்கி அடைத்திருக்கிறதா என்பது அவருக்குத்தான் தெரியும். பூங்காவுக்குள் ஒரு சுள்ளிகூடப் பொறுக்கக்கூடாது, 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அது குற்றம். வழியில் விறகு வாங்கலாம். ஆனால் மலைநாட்டு விறகு மூட்டத்தில் ஈரம் குடித்திருக்கும், பற்றாது. எங்களிடம் சிரட்டை இருக்கிறதே! ஒரு சாக்கு நிறையக் காய்ந்த சிரட்டையும் கொஞ்சம் பாளையும் தென்னம்பொச்சும் வானின் பின்பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அடியில் பொச்சு, அதன்மேல் கிழித்த பாளை, அதன்மேல் சிரட்டையைக் குப்புற அடுக்கி மூட்டினால் ஈர விறகும் வழிக்கு வரும். ஊமல் (காய்ந்த பனங்கொட்டை ஓடு) கிடைத்தால் இரவு முழுவதும் தணலாக நிற்கும்.

இப்போது கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று. தணல் சட்டியைப் படுக்கையறைக்குள் கொண்டுபோய் வைத்துக் கதவையும் யன்னலையும் சாத்தாதீர்கள். தணலில் இருந்து வருகிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கம் மாதிரியே வந்து ஆளை முடித்துவிடும். "சாம்பிராணிச் சட்டி மாதிரி ஒரு மூலையில் இருக்கட்டுமே" என்று பெரியவர்கள் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள், கோபித்தாலும் பரவாயில்லை.

ஆண்கள் பக்கத்தில் இன்னொரு நம்பிக்கை, ஒரு கிளாஸ் உள்ளே போனால் குளிர் தெரியாது என்பது. தெரியாமல் போவதுதான் ஆபத்தே. சாராயம் தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவந்து சூடு மாதிரிக் காட்டும், உள்ளே இருக்கிற சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும்.

போகிற வழி

திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி, கம்பளை, ரம்பொடை, நுவரெலியா. அங்கிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாகப் பூங்கா. நுவரெலியாவிலிருந்து பூங்காவுக்கு 30 கிலோமீட்டர் அளவுதான், ஆனால் வளைவும் மூட்டமும் சேர்ந்து நேரம் எடுக்கும். இருட்டோடு கிளம்புகிறவர்கள் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் நடுவில் யானை பாதையில் நிற்கும் என்பதை நினைத்து மெதுவாகப் போகட்டும். ஒரே நாளில் பூங்காவுக்குள் போய்ச் சேர ஓடுவதை நான் விரும்புவதில்லை. கடல்மட்டத்தில் காலைச் சாப்பாடு, 2,100 மீட்டரில் இராச்சாப்பாடு என்றால் சிலருக்குத் தலையிடி, பிள்ளைகளுக்குச் சத்தி. முதல் இரவை 1,868 மீட்டரில் இருக்கிற நுவரெலியாவில் போட்டுவிட்டு, உடுப்பும் மரக்கறியும் வாங்கி, அடுத்த நாள் மத்தியானம் பூங்காவுக்குள் போனால் உடம்பும் பழகிவிடும். பொழுதுபட முன் பங்களாவுக்குள் இருக்க வேண்டும். இருட்டில் படுக்கை விரிப்பதும் விளக்குத் தேடுவதும் ஒன்றாக நடந்தால் முதல் இரவே சண்டையில் முடியும்.

ரயிலில் போக ஆசைப்படுகிறவர்கள் ரயில்கள் ஓடுகின்றனவா என்று விசாரித்துவிட்டு, இரவு ரயிலில் கொழும்புக்குப் போய் மலைநாட்டு ரயில் மாறலாம். நாட்டிலேயே உயரமான நிலையம் பட்டிப்பொல, 1,891 மீட்டர். ஆனால் சிரட்டைச் சாக்கோடும் குக்கரோடும் அது நடக்கிற காரியமில்லை.

பகலில்

பாதை ஏறக்குறைய 9 கிலோமீட்டர் வட்டம். சின்ன உலகமுடிவு, பெரிய உலகமுடிவு என்கிற செங்குத்துப் பள்ள விளிம்புகள், பேக்கர் அருவி எல்லாம் அதிலேயே வந்துவிடும். உலகமுடிவில் 9, 10 மணிக்கெல்லாம் மூட்டம் ஏறிவிடும். வெளியிலிருந்து வருகிறவர்கள் அதற்காக நடுச்சாமத்தில் நுவரெலியாவில் எழும்பி ஓடிவருவார்கள். பங்களாவில் தங்குகிற உங்களுக்கு அந்த அவசரம் இல்லை, வெளிச்சம் வந்ததும் புறப்பட்டால் போதும். இந்தப் பயணத்தின் செலவுக்கெல்லாம் கிடைக்கிற கைம்மாறு அதுதான். உறைபனி பார்க்க வேண்டுமென்றால் சூரியன் புல்லில் படுவதற்கு முன் பள்ளத்தைப் பாருங்கள், பட்டுச் சற்று நேரத்தில் கரைந்துவிடும். அதன்மேல் மிதித்து நடக்காதீர்கள், உறைந்த புல் முறிந்து கருகும். குளிர்கிறதே என்று தொப்பியை மறந்துவிடவும் வேண்டாம். அந்த உயரத்து வெயில் முகத்தைக் கறுக்க வைத்துவிடும்.

அருவியடியில் எங்கள் பெறாமகள் ஒரு பூவைத் தண்ணியில் விட்டு, "சித்தி, இது மூதூருக்கு வந்து சேருமா?" என்று கேட்டாள். பாடசாலையில் படித்திருக்கிறாள்: மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இந்தச் சமவெளிதான் தலைநீர், 335 கிலோமீட்டர் ஓடி மகாவலி விழுவது எங்கள் கொட்டியாரக் குடாவில். ஆனால் பேக்கர் அருவி பெலிஹுல் ஓயாவில் இருக்கிறது. அது வளவையோடு சேர்ந்து தெற்குக் கடலுக்குப் போகிறது. அவளுக்குப் பெரிய ஏமாற்றம்.

மாலையில் மரைகள் பங்களாப் பக்கம் வரும். பழகின மாடு மாதிரிக் கிட்டவந்து நிற்கும், கொம்பு அப்படிப் பழகினதில்லை. பிஸ்கட் நீட்டாதீர்கள். சிறுத்தையும் இருக்கிற காடு இது, இருட்டினபின் வெளியே உலாத்தல் வேண்டாம்.

குளிப்புப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் தலைமுழுகாமல் விளக்கு வைக்க மாட்டேன் என்கிற மாமிமார் எல்லா வீட்டிலும் உண்டு. கோணேசர் இரண்டு நாளைக்குப் பொறுத்துக்கொள்வார். கன்னியா வெந்நீர்க் கிணறு அங்கே இல்லை. மத்தியான வெயிலில், சுடவைத்த தண்ணியில், உடம்புக்கு மட்டும் வார்த்துக்கொண்டு உடனே துடையுங்கள். ஈரத்துவாய் அங்கே உலரவே உலராது, ஆளுக்கு இரண்டு கொண்டுபோங்கள்.

யாராவது நனைந்துபோய், நடுக்கம் நிற்காமல், பேச்சுக் குளறி, சட்டைப் பொத்தானைப் போடக் கை வராமல் இருந்தால் பகிடி பண்ணாதீர்கள். ஈர உடுப்பை முழுவதும் கழற்றி, உலர்ந்ததைப் போட்டு, போர்வைப் பைக்குள் விட்டு, இனிப்பான சுடு தேத்தண்ணி கொடுங்கள். தெளியாவிட்டால் பொறுப்பாளரிடம் சொல்லி உடனே கீழே இறக்குங்கள்.

திரும்பும்போது

சாம்பலும் கழிவும் சொன்ன இடத்தில் போட்டு, பொறுப்பாளருக்குக் கையில் ஏதாவது கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். மிஞ்சின பருப்பும் மாவும் கொடுத்தாலும் சந்தோஷப்படுவார். ரம்பொடை இறக்கத்தில் சாரதித் தம்பி பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சொல்லுங்கள், ஏறின கியரிலேயே இறங்க வேண்டும். சமதரையில் ஓட்டிப் பழகினவர்களுக்கு இது கைவராது, மலை ஓடின சாரதியைப் பார்த்துப் பிடிப்பது நல்லது. மாத்தளையில் சுவெட்டர்கள் எல்லாம் கழன்று மடியில் கிடக்கும். அப்போதே எண்ணி மூட்டை கட்டுங்கள், இரவல் வாங்கின கம்பளி எது, யாருடையது என்று. வீட்டுக்கு வந்ததும் தையலைப் பிரித்துக் கழுவி, மாசி வெயில் வரும்வரை காத்திருந்து நன்றாகக் காயவைத்து, வேப்பிலை போட்டுப் பெட்டியில் வையுங்கள். தை மழையில் அரைகுறையாகக் காய்ந்ததை வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

செலவுக் கணக்கை ஹபரணைத் தேத்தண்ணிக் கடையில் வைத்தே தீர்த்துவிடுங்கள். வீடு போய்ச் சேர்ந்தபின் எங்கள் அத்தானிடம் காசு வாங்கினவர் இல்லை.